காத்திருத்தலும் சிகிச்சையே

புராஸ்டேட் புற்றுநோய் என்று கேட்ட மாத்திரத்தில், உடனே அறுத்து எறிந்தாலன்றி உறக்கமில்லை என்று என் பெரியப்பா பதறியது மனித சுபாவமே. ஆயினும், நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று மார்க்கங்களில் பிரித்து, ஏறத்தாழ 15 ஆண்டுகள் தொடர்ந்து, 2023இல் முடிவை வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வில், எம்மார்க்கத்தில் சென்றோரிலும் இந்நோயால் மாண்டவர் நூற்றுக்கு இருவர் மூவரே. கண்காணிப்பில் நோய் பரவும் அபாயம் சற்றேறக்குறைய இருமடங்கு என்பதும், அறுவையில் சிறுநீர்க் கசிவும், கதிர்வீச்சில் குடல் உபாதையும் நேரக்கூடும் என்பதும் உண்மையே. இவற்றையெல்லாம் சீர்தூக்கி, வைத்தியரின் சம்மதத்தோடு கண்காணிப்பைத் தேர்ந்த பெரியப்பா, பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்திருக்கிறார். வீரியமிக்க நோய்க்கு இந்த நிதானம் பொருந்தாது. ஆகையால், நோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் என்னவென்று கேட்டறிந்த பின்னரே எவரும் தீர்மானிப்பது உத்தமம்.