முனையா, இடமா?

கொல்லிமலை வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் வியக்கிறார். எந்த முனை அப்படிப் பாயும் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியது, எங்கே பாய்ந்தது என்பதைத்தான்.

அம்பு கொல்வது நாளங்களை அறுத்து, குருதியை வடியவிட்டு. முன்னங்காலை ஒட்டிய நெஞ்சுக்கூட்டில் இரு நுரையீரலையும் துளைத்தால், கூர்தீட்டிய எளிய இரண்டலகு முனையே போதும். குடலில் தைத்தாலோ, எவ்வளவு அகன்ற முனையானாலும் விலங்கு மணிக்கணக்கில் துடிக்கும். அந்த வதையை எந்தக் கொல்லரின் கைத்திறனும் ஈடுசெய்யாது.

இன்றோ, 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. இளைஞர் வில்லெடுத்தால் இலக்குப்பலகைதான், அதுவே நல்லது. அங்கும் இடம்தான் கணக்கு: ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர்.