எடுக்க வேண்டியதை மட்டும்



நெஞ்சுப் படபடப்புக்காக மருத்துவரிடம் சென்றிருந்தேன். "ஐயா, இனி காபி வேண்டாம்" என்றார். விடியற்கால ஜெபத்திற்கு முன்னும், சந்திக்கச் செல்லும் இல்லங்கள்தோறும் காபி அருந்திப் பழகியவனுக்கு அது எளிய கட்டளையன்று. இதைக் கேள்விப்பட்டு, கனடாவில் வாழும் நம் சபைக் குடும்பம் ஒன்று காஃபின் நீக்கிய காபித்தூள் அனுப்பிவைத்தது. சக்கையாக இருக்கும் என்று எண்ணியே வடித்தேன். மணமும் சுவையும் குறையாத நல்ல காபியாக இருந்தது. இது எப்படி இயலும் என்று தேடிப் படித்தேன்.

அது கொலம்பியா நாட்டின் ஹுயிலா பகுதியில், ஆண்டிஸ் மலைச்சரிவில் விளைந்தது. ஒரே கிளையில் காயும் பழமும் இருப்பதால், சிவந்து கனிந்தவற்றை மட்டும் கையால் பறித்து, மற்றவற்றுக்காக மறுபடியும் வருகிறார்கள். தோல் நீக்கி, நொதிக்கவிட்டு, கழுவி, உலர்த்துகிறார்கள். சுவைத்துத் தரம் காண்போர் 100க்கு 80 புள்ளிகளாவது அளித்தால்தான் அது சிறப்புத் தரம் எனப்படும். காஃபின் நீக்குவதற்கு மட்டமான கொட்டையே போதும் என்று கருதியவர் பலர். ஆனால் தொடக்கத்திலேயே இல்லாத சுவை முடிவில் எங்கிருந்து வரும்?

வறுக்காத பச்சைக் கொட்டையிலிருந்தே காஃபினை எடுக்கிறார்கள். வெறும் நீரில் ஊறவைத்தால் காஃபினோடு சுவையும் கரைந்து போய்விடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரேமன் நகர வணிகர் லுட்விக் ரோசேலியுஸ், பென்சீன் கொண்டு காஃபினைப் பிரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பென்சீன் நஞ்சு என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

என் கைக்கு வந்த காபி 'சுவிஸ் வாட்டர்' முறையில் பக்குவமானது. சுவிட்சர்லாந்தில் உருவாகி, 1980களின் இறுதியில் கனடாவில் வணிக அளவில் தொடங்கிய முறை இது. இங்கும் கரைப்பது நீரே. ஆனால் அந்த நீர், காபிக்கொட்டையில் கரையக்கூடிய நற்பொருள்கள் அனைத்தையும் முன்னதாகவே தனக்குள் நிறைத்துக்கொண்டிருக்கிறது. காஃபின் ஒன்றுதான் அதில் இல்லை. ஆகையால் கொட்டையிலிருந்து அதனிடம் வருவதும் காஃபின் ஒன்றே. அதைக் கரி வடிகட்டி பிடித்துக்கொள்ள, நீர் மீண்டும் கொட்டைகளிடம் திரும்புகிறது. 99.9 விழுக்காடு காஃபின் நீங்கும்வரை பல மணி நேரம் இது தொடர்கிறது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் காபியன்று.

பல ஆண்டுகளுக்கு முன், பாடகர் குழுவிலிருந்த வாலிபன் ஒருவன் குடிக்கிறான் என்று அறிந்து, சபை மூப்பர்கள் முன்னிலையில் அவனைக் கடுமையாகக் கடிந்துகொண்டேன். குடியை நீக்கவே விரும்பினேன். ஆனால் அவன் பாட்டும், சிரிப்பும், எங்கள்மேல் அவன் வைத்திருந்த நம்பிக்கையும் அன்றே சபையை விட்டு வெளியேறின. படுக்கையிலிருந்த தன் தாயை அவன் ஒருவனாகவே பராமரித்து வந்தான் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அவனுடைய நன்மை எதையும் அறியாமல், வெறும் நீராக அவனிடம் போயிருந்தேன்.

சென்ற வாரம் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. அவன் மனைவி காபி கொண்டுவந்தார். மருத்துவர் சொன்னதை நான் அங்கே சொல்லவில்லை. அரைத் தம்ளர் அருந்தினேன். புறப்படும்போது, "அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு, ஐயா" என்றான். மறுபடியும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளையையோ, துணையையோ, உடன் ஊழியரையோ திருத்த வேண்டிய வேளை நம் எல்லோருக்கும் வருகிறது. அதற்குமுன் அவர்களுடைய நன்மைகளால் நம் உள்ளம் நிறைந்திருக்கிறதா என்று ஒரு நாளேனும் அமர்ந்து எண்ணிப் பார்ப்போம். அந்த நிறைவையும் பொறுமையையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.