கச்சேரியைப் பதிவு செய்கிறவர்

மார்கழி மாதத்தில் சென்னையில் கச்சேரி கேட்கச் செல்கிற ரசிகர்கள், அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சிறு மேஜையின் முன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் மனிதரை எத்தனையோ முறை பார்த்திருந்தும், அவர் அங்கே என்ன செய்கிறார் என்று விசாரித்திருக்க மாட்டார்கள். அதை அறியும் ஆவலுடன் மயிலாப்பூரில் ஒரு சபைக்குத் திரை விலகுவதற்கு வெகு நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.

ஒருவர் தனியே தூக்கிச் செல்லத்தக்க மிக்ஸர் பெட்டியும், ஒரு கட்டு மைக் கம்பிகளும்தான் அங்கே நான் சந்தித்த ஒலிப்பதிவாளரின் ஆஸ்தி. அமெரிக்க கிதார் வித்வான் லெஸ் பால் 1957இல் ஆம்பெக்ஸ் கம்பெனியாரிடமிருந்து பெற்ற எட்டு டிராக் இயந்திரம் ஆளுயரம் இருந்ததாம். இன்றோ அதே வேலையைத் தபால்தலை அளவேயுள்ள ஒரு கார்டு செய்துவிடுகிறது. பாடகருக்கும் வயலினுக்கும் கடத்துக்கும் தம்புராவுக்கும் ஒவ்வொன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனியே இரண்டு, அரங்கின் கார்வையையும் கரகோஷத்தையும் கிரகிக்க இரண்டு என எட்டு மைக்குகள் எட்டு டிராக்குகளில் ஏறுகின்றன. 24 பிட், வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் இரண்டரை மணி நேரக் கச்சேரி சுமார் 10 ஜிபி ஆகிறது.

ஆனால் இவரது சாமர்த்தியம் முழுவதும் புலப்படுவது, மைக்கில் வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று கெயின் வைக்கும் அந்தச் சில நிமிஷங்களிலேதான். வரம்பை மீறிய ஒலி டிஜிட்டல் பதிவில் வெட்டுண்டு போகும். வெட்டுண்ட நாதத்தை முழுமையாக மீட்கும் உபாயம் கிடையாது. "மிருதங்கத்தை மெதுவாகத் தட்டிக் காட்டினால் நான் ஏமாந்து போவேன் ஸார், தனி ஆவர்த்தனத்தில் வாசிக்கிற மாதிரியே வாசிக்கச் சொல்லுவேன்" என்றார் அவர்.

மற்றொரு சூக்ஷ்மமும் உண்டு. நமது மேடையில் வித்வான்கள் நெருங்கி அமர்வதால், மிருதங்கத்தின் சப்தம் பாடகரின் மைக்கிலும் புகுந்துவிடுகிறது. மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று மில்லி வினாடி தாமதித்து வரும் அந்த நாதம், தன் மைக்கில் பதிந்த நாதத்தோடு கலக்கும்போது சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்து, ஒலி உள்ளீடற்றதாகிவிடும். டிராக்குகள் தனித்தனியே இருப்பதாலேயே எல்லாவற்றையும் பின்னால் திருத்திவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. மைக்கை ஓர் அங்குலம் நகர்த்தி, குனிந்து கேட்டு, மறுபடியும் நகர்த்தும் அந்தப் பொறுமைக்கு ஈடான யந்திரம் எதையும் நான் காணவில்லை.

கச்சேரி நடக்கையில் பாடகர் கையசைத்துத் தம்புராவை அதிகமாகக் கேட்டார். இவர் மேடை ஸ்பீக்கரில் மட்டும் உயர்த்தினார். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே பதிவுக்கான ஒலியைப் பிரித்தெடுத்திருந்தபடியால் பதிவுக்கு ஒரு விகாரமும் நேரவில்லை. பிற்பாடு வீட்டில் அமர்ந்து கலக்கும்போதும், மெல்லிய கார்வையையும் உச்ச ஸஞ்சாரத்தையும் ஒரே மட்டமாக்கி உரக்கச் செய்ய அவர் சம்மதிப்பதில்லை. அதுவே சரியென்று நானும் திடமாக நினைக்கிறேன்.

ஒரு கச்சேரி முடிந்த கால் மணியில் அடுத்ததைத் தொடங்கிவிடும் சபைக் காரியதரிசிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: சவுண்ட் செக்குக்கு அரைமணி அவகாசம் கொடுங்கள், பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களுக்குக் கீழே இவர் பெயரையும் அழைப்பிதழில் அச்சிடுங்கள்.