எங்கட வீட்டு வழக்கு

2015 மே 13. புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன 18 வயது அக்கா வீடு திரும்பவில்லை. அடுத்த நாள் உடல்தான் கிடைத்தது. பிடிபட்டவர்களை எங்கட ஊர்காவற்றுறைக் கோட்டுக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். நாங்கள் அப்ப சின்னப் பிள்ளைகள். அண்டையோட ரியூசனுக்குத் தனியப் போகக்கூடாது எண்டு வீட்டில் சட்டம் வந்தது. தம்பிக்கு மட்டும் வரவில்லை.

அம்மம்மா பிறந்தது புங்குடுதீவு. "பிடிபட்டவங்களையும் ஒரு தாய்தானே பெத்தவ" எண்டா. அதைக்கூடப் பொறுத்திருப்பம். "பொம்பிளைப் பிள்ளை தனிய ஏன் போனது?" எண்டும் கேட்டா. போனது பள்ளிக்கூடத்துக்கு! மாமி சோத்துக் கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போனா. பிறகு அவை ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிட்டதை நாங்கள் காணவில்லை.

2017இல் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் ட்ரயல் அட் பார் முறையில் விசாரித்தார்கள். செப்டெம்பர் 27 தீர்ப்பு: ஒன்பது எதிரிகளில் ஏழு பேருக்கு மரண தண்டனை, இரண்டு பேர் விடுதலை. மாமி சாமியறையில் விளக்குக் கொளுத்தினா. அம்மம்மா அண்டு முழுக்க ஒண்டும் கதைக்கேல்லை. "தூக்கில போடமாட்டாங்கள்" எண்டார் அப்பா. அது சரிதான், 1976க்குப் பிறகு இலங்கையில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை.

இப்ப கம்பஸில் நாங்கள் மரண தண்டனைக்கு எதிராகக் கதைக்கிறம், கட்டுரையும் எழுதியிருக்கிறம். அம்மம்மாவின்ர பக்கம் போயிட்டமோ எண்டு இடைக்கிடை பயமாயும் இருக்கு. அவவின்ர அந்தக் கேள்வியை எங்களால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கட்டுரையை மாமிக்குக் காட்டவில்லை.