முதற் பணி

நோயைத் தீர்ப்பதற்கு மருந்தும் மருத்துவனும் மட்டும் போதா. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார் திருவள்ளுவர். அந்நான்காம் கூற்றின் அருமையை உலகம் நன்குணர நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க நாட்டில் முறையான பயிற்சி பெற்ற முதற் செவிலி எனப் போற்றப்படுபவர் இலிண்டா ரிச்சர்ட்ஸ் அம்மையார். அவர் தம் முதற் பணியில் செய்த செயலொன்று அவ்வருமையை இனிது விளக்கும்.

இலிண்டா 1841-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே, காசநோயால் நலிந்த அன்னைக்கு அருகிருந்து பணிவிடை புரிந்தார், அன்னை பிழைக்கவில்லை. பின்னர், அவரை மணக்கவிருந்த இளைஞர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் புண்பட்டு மீண்டார். அவரையும் இலிண்டாவே பேணினார். 1869-இல் அவரும் மறைந்தார். பேணுதற்கு அன்பு வேண்டும்; ஆயின் அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். அவ்வறிவைத் தேடிப் பாஸ்டன் நகருக்குச் சென்றார் இலிண்டா.

அந்நகரில் மகளிர்க்கும் குழந்தைகட்குமென அமைந்த நியூ இங்கிலாந்து மருத்துவமனையில் 1872-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அதில் முதலாவதாகச் சேர்ந்தவர் இலிண்டா. பயிற்சிக் காலம் ஓராண்டு. பாடநூல் இல்லை, சீருடையும் இல்லை. காலை ஐந்தரை மணிக்கு எழுந்தால் இரவு ஒன்பது மணி வரை வேலை. ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஆறு நோயாளிகள் இருந்தனர். நள்ளிரவில் அழைத்தாலும் எழுந்தோட வேண்டும். மருந்துக் குப்பிகளில் பெயர் இராது; எண்ணே இருக்கும். எந்த மருந்தைக் கொடுக்கிறோம் என்பதைச் செவிலி அறியத் தேவையில்லை என்பது அக்காலத்தார் கருத்து. இத்தகைய பயிற்சியை நிறைவு செய்து 1873-இல் சான்றிதழ் பெற்றார் இலிண்டா.

அவ்வாண்டே நியூயார்க் நகரின் பெல்வியூ மருத்துவமனையில் அவருக்குப் பணி கிடைத்தது. அஃது ஏழை எளியோர் திரளாக நாடி வரும் பெரிய பொது மருத்துவமனை. அங்கே இரவு நேரக் கண்காணிப்பாளராக அமர்ந்தார். ஊர் உறங்கும் வேளையில் விழித்திருக்கும் வேலை அது, புகழுக்கு இடமில்லாதது. ஆயினும் பொறுப்போ மிகப் பெரிது. எந்நேரத்தில் காய்ச்சல் ஏறிற்று? எப்பொழுது மருந்து கொடுக்கப்பட்டது? நோயாளி உறங்கினாரா, பிதற்றினாரா? காலையில் வரும் மருத்துவர் இவற்றையெல்லாம் அறிந்தாலன்றி மேலே செய்யவேண்டுவதை முடிவு செய்தல் அரிது.

இச்செய்திகளை வாய்மொழியாகக் கூறுவதே அந்நாளைய வழக்கம். விடிய விடிய விழித்திருந்தவரின் நினைவு சோர்தல் இயல்பு. ஒருவருக்கு நேர்ந்ததை மற்றொருவர்க்கு நேர்ந்ததாக மயங்கிக் கூறினால் என்னாகும்? கொடுத்த மருந்தைக் கொடுக்கவில்லை என்று எண்ணி மீண்டும் கொடுத்துவிட்டால் என்னாகும்? ஒரு சொல்லின் பிழை ஓர் உயிரையே மாய்த்துவிடக் கூடும்.

ஆகவே, நோயாளி ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே குறிப்பு எழுதும் முறையை வகுத்தார் இலிண்டா. கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தமையால், இரவில் நிகழ்ந்தது பகலில் வருவோர்க்குப் பழுதின்றிப் போய்ச் சேர்ந்தது. மருந்தின் பெயரையும் அறியலாகாது என்று வளர்க்கப்பட்ட செவிலியின் எழுத்து, மருத்துவர்க்கே வழிகாட்டும் துணையாயிற்று. இம்முறை பின்னர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவியது.

மறு ஆண்டே அவர் பாஸ்டன் செவிலியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். 1877-இல் இங்கிலாந்து சென்று நைட்டிங்கேல் அம்மையாரைக் கண்டு கற்றார். பின்பு ஜப்பான் நாட்டிலும் செவிலியர்க்குப் பயிற்சி அளித்தார். 1930-இல் இயற்கை எய்தினார்.

இன்று எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் நோயாளியின் நிலையைக் காட்டும் குறிப்பேட்டையோ கணிப்பொறிப் பதிவையோ காணலாம். இரவுப் பணி முடித்துச் செல்லும் செவிலி, அதில் எழுதி முடித்த பின்னரே வீடு திரும்புகிறார். முதன்முதற் கிடைக்கும் பணி சிறியதாயினும் ஆகுக. அதனைக் கருத்துடன் செய்வோர் பிறர் உயிர் காக்கும் வழியை அதனுள்ளேயே காண்பர்.