முறிய வேண்டிய போல்ட்

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, நாங்கள் சகோதரர்கள் சேர்ந்து வாங்கிய பழைய வைக்கோல் கட்டும் மெஷின் வயல் நடுவில் நின்றுவிட்டது. சேனாநாயக்க சமுத்திரத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் வைக்கோலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயல்காரர் கொளுத்திவிடுவார். மாட்டுக்காரர்களிடம் முற்பணமும் வாங்கியிருந்தோம்.

கழற்றிப் பார்த்தால், கயிற்றை முடிச்சுப் போடும் கொக்கி உடைந்து, பக்கத்துப் பெயாரிங்கும் நொறுங்கிக் கிடந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனோம். மெஷினின் பெயரைச் சொன்ன கடையெல்லாம் ஒரே பதில்: "அந்த மொடல் இப்ப வாறல்ல."

கடைசியில் ஒரு நானாதான், "பேர விடுங்க தம்பி, பெயாரிங்ல உள்ள நம்பரப் பாருங்க" என்றார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தோம்: 6207. உள்விட்டம் 35, வெளிவிட்டம் 72, தடிப்பு 17 மில்லிமீற்றர். எந்தக் கம்பனி செய்தாலும் இதே அளவுதான். அந்தக் கடையிலேயே இருந்தது. கொக்கியை ஊரில் வெல்டிங் செய்து, முடிச்சு வழுக்கி இறங்கும்வரை அரத்தால் தேய்த்தோம்.

பிழை எங்களுடையது. முடிச்சுப் பகுதியின் ஷியர் போல்ட் அடிக்கடி முறிகிறதென்று, முறியாத உருக்கு போல்ட் போட்டிருந்தோம். மற்றப் பாகங்களைக் காப்பாற்ற, தான் முறிவதற்கென்றே வைத்த போல்ட் அது.

கடைசிக் கட்டு ஏற்றிய மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அதற்குள் இரண்டு வயல்களைக் கொளுத்திவிட்டார்கள். அந்த முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களே, நம்பர்கள் தேயுமுன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முறிய வேண்டிய போல்ட்டை முறிய விடுங்கள்.