அழிய மாட்டேன்னு நின்ன ஃபைல்

பொதட்டூர்பேட்டையில எங்க வீட்டுல தறிச் சத்தத்தைத் தாண்டித்தான் பேசணும். பொங்கல் லீவுக்குப் போனப்ப அப்பா கத்தினார்: "கம்ப்யூட்டர்தானே படிக்கிற, இதைப் பாரு."

பென்டிரைவ். உள்ளே பாட்டியோட போட்டோக்கள். டிவியில போட்டா நடுவுல ஒரு ஃபைல்ல நின்னுடுது. டெலீட் பண்ணினா, ஃபைல் கெட்டுப்போச்சு, படிக்க முடியலைன்னு வருது.

உங்களை மாதிரிதான் நானும். ரீஸ்டார்ட், சேஃப் மோட் எல்லாம் பார்த்தேன். அசையலை. ஃபார்மட் பண்ணப் போனேன். "எங்கம்மா போட்டோ போயிடுமா?"ன்னார். கை நின்னுடுச்சு.

அப்புறம்தான் ஓஎஸ் பாடம் ஞாபகம் வந்தது. டெலீட்னா டேட்டாவைத் துடைக்கிறது இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்குன்னு வெச்சிருக்கிற அட்டவணையில அந்த இடத்தைக் காலின்னு குறிக்கிறதுதான். அட்டவணையே கெட்டிருந்தா? (காப்பி ஆகும்போதே பிடுங்கினா இப்படி ஆகும். அப்பா எப்பவும் அப்படித்தான் பிடுங்குவார்.)

முதல்ல, திறக்கிற போட்டோவை எல்லாம் லேப்டாப்புக்கு காப்பி பண்ணிட்டேன். இதை மட்டும் விட்டுடாதீங்க. ரிப்பேர் சில சமயம் தேவையானதையும் வெட்டிடும். பிறகு டிரைவ் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், எரர் செக்கிங்.

அந்த ஃபைல் போயிடுச்சு. ஃபவுண்ட்.000ன்னு புதுசா ஒரு ஃபோல்டர், உள்ளே பேரில்லாத துண்டுகள். ஒண்ணும் திறக்கலை.

அப்பா ஒவ்வொண்ணா பார்த்தார். பாட்டி வாசல்ல உட்கார்ந்திருக்கிற போட்டோ மட்டும் இல்லை. மறுபடி ஒரு தடவை முதல்ல இருந்து பார்த்துட்டு, தறிக்குப் போயிட்டார்.